ஆட்டக்காரனின் ஞாபகம்

இந்த வழக்குக்காக ஐந்து முறை ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறேன். நான்கு முறை, நாங்கள் வழக்குப் போட்ட அந்தப் பந்தாட்டக்காரன் வரவில்லை. பயிற்சி முகாம், வெளியூர் ஆட்டம், தசைப்பிடிப்பு, மறுபடி வெளியூர் ஆட்டம். கிளப் முத்திரை குத்திய கடிதத்தை அவனுடைய வக்கீல் நீட்டுவார், தேதி தள்ளிப்போகும். அக்கரையில் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்ப்பவள் நான். என் வருஷ லீவு முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே போனது. பந்து உதைப்பது மட்டும்தான் வேலையா? அப்படியானால் நான் பார்ப்பதற்கு என்ன பெயர்?

என் கணவர் சூலியா தெருவில் ஒரு கடையில் ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்தவர். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, சிவப்பு விளக்கை மதிக்காமல் வந்த அவனுடைய கார் இடித்தது. வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. இப்போது அவரால் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்க முடியாது.

அவன் ஓடிவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவனேதான் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தான். பதறிப்போய் ஓடிய என்னிடம் வாசலிலேயே கெஞ்சினான்.

"அக்கா, நாளைக்கு செமி ஃபைனல். போலீஸ் பாலாய்ல என் பேரு போச்சுன்னா டீம்லேர்ந்து தூக்கிருவாங்க. அண்ணன நான் பாத்துக்கிறேன், நம்புங்க லா."

அந்தக் குழுவில் இருந்த ஒரே தமிழ்ப் பையன் அவன். எங்கள் வீட்டுச் சுவரில் அவன் படம் ஒட்டியிருந்தது. படுக்கையில் வலியோடு கிடந்த இவரும், "நம்ம பையன். தானா சறுக்கி விழுந்தாருன்னே சொல்லிடு" என்றார். நான் போலீஸ் நிலையத்துக்குப் போய், மழையில் மோட்டார் சறுக்கியது என்று ரிப்போர்ட் கொடுத்தேன். அன்று மழைகூட இல்லை.

மறுநாள் வார்டில் இவர் என் கைபேசியில் ஆட்டம் பார்த்தார். எண்பத்து மூன்றாம் நிமிடம் அவன் கோல் போட்டான். ஊசி குத்தியிருந்த கையோடு இவர் கைதட்டினார். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை நானே ஒடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் வழக்குப் போட்டோம். அவன் இடிக்கவே இல்லையாம், விழுந்து கிடந்தவரைத் தூக்கிவிட்ட புண்ணியவானாம். ஆதாரம், நான் கொடுத்த ரிப்போர்ட்.

ஐந்தாவது முறை வந்தான். கோட்டுப் போட்டிருந்தான். வெளியே ஊழியர்கள் வரிசையில் நின்று அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். காலையில் முதலில் என்னைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். ரிப்போர்ட் பொய், சொன்னது நான்தான் என்றேன். பொய் ரிப்போர்ட் குற்றம் என்று தெரியுமா என்று அவனுடைய வக்கீல் கேட்டார். தெரியும் என்றேன். அதற்கு எனக்கு என்ன நடக்குமோ, இன்னும் தெரியாது.

அடுத்து அவன். சத்தியம் செய்தான். இவரை இடித்தீர்களா என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"ஞாபகம் இல்ல."

மறுநாள் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா என்றார். அவன் முகம் மலர்ந்துவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து பந்து வந்தது, யார் கொடுத்தது, கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்ந்தான், எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். எண்பத்து மூன்றாம் நிமிடம் என்றான்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன்.

"அந்த கோல நீ போடல தம்பி. பாலாய்ல நான் சொன்ன பொய்தான் போட்டுச்சு."

நீதிபதி என்னை அதட்டி உட்கார வைத்தார். பிறகு, நான் சொன்னது என்னவென்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். அந்த அம்மாள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னார். இவரை இடித்தீர்களா என்று எங்கள் வக்கீல் மறுபடி கேட்டார்.

இந்த முறை அவன் தன் வக்கீலைப் பார்த்தான். பிறகு எங்கள் பக்கம் பார்த்தான். ஊன்றுகட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கோல் விழப்போகும்போது உட்காருவதைப் போல, என் கணவர் முன்னால் சாய்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.