ராஜகிரி நிழலிலிருந்து தப்பிய மூன்று வாடகை சைக்கிள்கள்

ஆம்ஸ்டர்டாமில் தோழிகளோடு வாடகை சைக்கிளில் சுற்றுகிற படத்தைப் பேத்தி அனுப்பியிருந்தாள். நல்லது. ஆனால் 1965ஆம் வருஷம் காணும் பொங்கலன்று நாங்கள் மூன்று பெண்கள் செஞ்சிக்கோட்டையை அப்படித்தான் சுற்றினோம். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனாலும் நேரம், தூரம், செலவு எல்லாம் எனக்கு மறக்கவில்லை. போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தையல் வகுப்பில் சேர்ந்த சிநேகம் எங்களுடையது. செஞ்சியிலேயே இருந்தவர்கள் நானும் லூர்துமேரியும். பத்மாவதி அனந்தபுரம் பக்கத்து சமணக் குடும்பத்துப் பெண், பஸ்ஸில் வந்தாள். காலை பத்தரைக்குக் கடைத்தெருவில் சைக்கிள் எடுத்தோம். மணிக்குப் பதினைந்து பைசா. பெண்கள் ஓட்டுகிற சைக்கிள் ஒன்றே ஒன்று இருந்தது, அது பத்மாவுக்கு. எங்கள் இரண்டு பேர் சைக்கிளிலும் நடுவில் பார் கம்பி. நைனாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவள் நான், கம்பிக்கெல்லாம் பயப்படுவேனா?

கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, மூணு பேரும் ஓட்டுவீங்களா? வுழுந்தா நான் பொறுப்பு இல்ல."

"வுழறதுக்கா வாடகை குடுக்கறோம்?" என்றாள் மேரி.

கோட்டை வாசலுக்கு இரண்டரை கிலோமீட்டர், இருபது நிமிஷம். உள்ளே சைக்கிளில் போனால்தான் அது ஒரு ஊராகவே இருந்தது தெரியும். குதிரை லாயத்திலிருந்து களஞ்சியத்துக்கும், அங்கிருந்து கல்யாண மகாலுக்கும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு போனோம். களஞ்சியத்துக்குள் மேரி ஒரு கூப்பாடு போட்டாள், அது நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. இத்தனை நெல்லை யார் சுமந்திருப்பார்கள், எலியை எப்படி விரட்டியிருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தோம்.

சாப்பாடு என் பொறுப்பு, யாரும் எதுவும் எடுத்துவரக் கூடாது என்று முந்தின வாரமே சொல்லியிருந்தேன். பத்மாவுக்காகக் கவிச்சி இல்லாமல் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தேன். அப்போது எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு விருந்துச் சமையல். பன்னிரண்டரைக்குத் தூக்குச் சட்டியைத் திறந்தேன். பத்மா எட்டிப் பார்த்துவிட்டுப் பசியில்லை என்றாள். வற்புறுத்தியும் தொடவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஒன்றரைக்குக் கோட்டையின் பெரிய மலையான ராஜகிரியில் ஏற ஆரம்பித்தோம். சாதாரணமாக ஏற ஒன்றேகால் மணி நேரம் போதும். அன்று திருவிழாக் கூட்டம். உச்சிக்கு முன்னால் ஒரு பாறைப் பிளவைப் பாலத்தில் கடக்க வேண்டும், அந்தப் பாலத்தில் ஒவ்வொருவராக நின்று நின்று போனோம். ரங்கநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு அடிவாரம் வரும்போது மணி ஐந்து. கடைசிப் படிகளில் பத்மா சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினாள். அவளை உட்கார வைத்துவிட்டு மேரி என்னைத் தனியே இழுத்தாள்.

"நேத்து அவளுக்கு உபவாசம்டி. காலையில வெறும் கஞ்சிதான். வெங்காயம், கிழங்கு எதுவும் அவங்க வூட்ல சேக்க மாட்டாங்க. பொழுது போனப்புறம் தண்ணிகூடக் குடிக்க மாட்டா."

சைவமாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அவள் ஊருக்கு பஸ் ஏறினாலும் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும். அப்புறம் மறுநாள் காலை வரை பட்டினிதான்.

மூவரும் மிதித்தோம். ஐந்து இருபத்தைந்துக்குக் கடைத்தெரு. திறந்திருந்த ஒரே பெட்டிக்கடையில் நாலணாவுக்கு ஆறு வாழைப்பழம் வாங்கினேன். பழத்தோடு திரும்பினால் தெரு முழுக்க நிழல். சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போய்விட்டது.

"மலைக்குப் பின்னாலதான் இருக்குது. சாப்டு" என்றேன்.

"கண்ணால பாக்காம வாயில வெக்க மாட்டேன், வள்ளி."

எனக்கு அழுகை வந்தது. முகத்தைத் திருப்பினால், வடக்கே சிறுகடம்பூர்ப் பக்கம் திருநாதர்குன்றின் பாறை மஞ்சளாக மின்னியது. அங்கே வெயில் இருந்தது.

இரண்டு கிலோமீட்டர். பன்னிரண்டு நிமிஷம். பத்மாவை என் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அவள் சைக்கிளை மேரி ஒரு கையால் பிடித்து உருட்டியபடி தன் சைக்கிளில் கூடவே வந்தாள். சைக்கிள்களைக் குன்றின் அடியில் போட்டுவிட்டுப் பாறையில் ஏறினோம். ராஜகிரிக்கு வலப்பக்கம், அடிவானத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் சூரியன் நின்றது.

பத்மா சூரியனைப் பார்த்தபடியே உரித்துச் சாப்பிட்டாள். இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறை அதுதான். அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்லெழுத்து இருக்கிறது. ஒரு முனிவர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து இங்கே உயிர் விட்டதாக அதில் எழுதியிருக்கிறது என்று மென்றுகொண்டே சொன்னாள்.

"அம்பத்தேழு நாளா! நீ ஒரு ராத்திரி இருக்க மாட்டியா?" என்றாள் மேரி.

"அவரு வேணும்னு சோத்த விட்டாரு. நான் இவ கெழங்கால விட்டேன்."

மேரி சிரிக்க ஆரம்பித்தாள், எனக்கும் தாங்கவில்லை. மூன்றாவது பழம் பாதியில் இருக்கும்போது சூரியன் போய்விட்டது. பத்மா அங்கேயே நிறுத்தினாள். பாதிதானே, முடித்துவிடேன் என்றேன். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு அதை என் கையில் வைத்தாள்.

"தப்பு என்னுதுடி" என்றேன். நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"அத்தத் தின்னுட்டு வா. பஸ் போயிடும்."

போகிறவர்களுக்கு: கோட்டைக்குள் காலையிலேயே போய்விடுங்கள், இப்போது பிற்பகலில் ராஜகிரி மேலே ஏற விடுவதில்லை. கூட வருகிறவர்கள் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். தை மாதத்தில் ஐந்தரைக்கெல்லாம் அடிவாரத்தில் இருட்டுகிற மாதிரி இருக்கும், அதை நம்பி ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள். திருநாதர்குன்றில் இன்னும் அரை மணி நேரப் பகல் இருக்கும். சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் அது போதும்.