கச்சானில் போன அன்னம்

பரீதாவுக்கு நீந்தத் தெரியாது. நிலாவெளிக் கடற்கரையில் பதினான்கு வருடமாகத் தகரக் கொட்டில் போட்டு, பிளேன்டியும் ரோல்ஸும் விற்று, லொறி ரியூப்புகளுக்குக் காற்றடித்து வாடகைக்குக் கொடுக்கிறவள். ஒவ்வொரு ரியூப்பிலும் நைலோன் கயிறு கட்டி, மறு நுனியைக் கரையில் அறைந்த முளையில் முடிந்துவிட்டுத்தான் கடலுக்கு விடுவாள்.

"நாய் மாதிரிக் கட்டி வைக்கிறீங்களே" என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"நாயெண்டா கூப்பிட்டா வரும்" என்பாள் அவள்.

ஆடி மாதத்தில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அலையைக் கரைக்கு வரவிடாமல் அமுக்கிவிடும். கரையோரம் தட்டில் ஊற்றின தண்ணீர்போலக் கிடக்கும். புதியவர்கள் அந்த அமைதியை நம்பித்தான் இறங்குவார்கள். பத்து மணிக்கு மேல் காற்று ஏறிவிட்டால், மிதக்கிற எதையும் அது தள்ளிக்கொண்டு போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வவுனியாவிலிருந்து மூன்று பேர் காரில் வந்து இறங்கினார்கள். மதுசன், சிந்துஜன், கௌசிகா. உயர்தர வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் வேலை. வருடத்தில் ஒரு நாள் இப்படி எங்காவது சேர்ந்து போவார்களாம். பெரிய பிளாஸ்டிக் அன்னம் ஒன்றை மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அக்கா, இதுக்கும் காத்தடிச்சுத் தாறீங்களா? சிந்து வாயால ஊதினா பின்னேரம் ஆயிடும்" என்றாள் கௌசிகா.

"அவனிட்டக் காத்துக் குறைவில்ல. கதையிலேயே முழுக்கப் போயிடும்" என்றான் மதுசன்.

பரீதா அடித்துக் கொடுத்தாள். அன்னத்தின் கழுத்து ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. அதைப் பார்த்ததும் கயிற்றை எடுத்தாள்.

"கயிறு வேணாம் அக்கா, படத்துக்கு வடிவில்ல" என்றான் சிந்துஜன்.

"இந்தக் கழுத்து பாய் மாதிரிக் காத்தப் பிடிக்கும், தம்பி."

"பத்து மணிக்கு முதல் கரையேத்திடுவம். சத்தியமா."

பரீதா விட்டுக்கொடுத்தாள். அவர்களுடைய பொருள், அவர்களுடைய விடுமுறை நாள் என்று நினைத்தாள். பதினான்கு வருடத்தில் கயிறில்லாமல் அவள் விட்டது அது ஒன்றுதான்.

பத்தேகாலுக்கு ஒரு பஸ் சனம் தேநீருக்கு வந்தது. கோப்பைகளைக் கொடுத்து நிமிர்ந்தபோது அன்னம் மற்ற ரியூப்புகளின் கயிறு எட்டும் தூரத்தைத் தாண்டியிருந்தது. சிந்துஜனும் கௌசிகாவும் மேலே இருந்தார்கள். கையால் தண்ணீரை வலித்தார்கள். அன்னம் வட்டமாகச் சுற்றியதே தவிரக் கரைப்பக்கம் வரவில்லை.

கரையில் நின்ற மதுசன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினான். பரீதா குறுக்கே பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அக்கா, எனக்கு நீந்தத் தெரியும்."

"போறதுக்குத் தெரியும். இந்தக் காத்துக்க திரும்பி வர ஏலா. பிறகு நான் ரெண்டு இடத்துல தேடணும்."

அவன் திமிறினான். அவள் நகத்தைப் பதித்துப் பிடித்தாள். இதையெல்லாம் அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே செய்தாள். கண் அன்னத்திலேயே இருந்தது. ஆழக்கடலில் காற்று நுரை கிளப்பத் தொடங்கியிருந்தது. அன்னம் வெள்ளை, நுரையும் வெள்ளை. ஒருமுறை கண்ணை எடுத்தால் பிறகு பிடிக்க முடியாது.

"என்ட போனை எடு. ஜெமீல் எண்டு இருக்கும். அடி. என்ட காதுல வை."

ஜெமீல் புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றும் படகுக்காரன். மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை.

"அடிச்சிக்கொண்டே இரு. இடையில பொலிசுக்கும் சொல்லு."

பொலிசில், கடற்படைக்கு அறிவிப்பதாகச் சொன்னார்கள். படகு துறைமுகத்திலிருந்து வர வேண்டும்.

கொட்டிலில் சாய்த்திருந்த சவுக்குத் தடிகளில் இரண்டைக் கொண்டுவரச் சொன்னாள். கட்டையான தடியைத் தண்ணீர் விளிம்பில் நட்டாள். பின்னோக்கி இருபது எட்டு நடந்து, உயரமான தடியை, முன்தடியும் அன்னமும் ஒரே நேரில் வரும்படி ஊன்றினாள். முன்தடியில் கௌசிகாவின் சிவப்புத் துவாய், பின்தடியில் மதுசனின் சட்டை. கடலில் நின்று கரையில் இரண்டு மரங்களை நேர்பிடித்து இடம் கண்டுபிடிப்பது மீன்பிடிக்கிறவர்களின் வழக்கம். கரைவலைக்காரனான அவள் புருஷன் சொல்லக் கேட்டது. அவள் அதைக் கரையில் நின்று செய்தாள்.

ஐந்தாம் தடவை ஜெமீல் எடுத்தான். ஆட்களைப் புறாமலையில் இறக்கிவிட்டுத் தனியாக நிற்கிறானாம்.

"சொல்லுங்க ராத்தா." மற்றவர்களுக்கு அக்கா, அவனுக்கு ராத்தா.

"வாத்து மாதிரி ஒண்டுல ரெண்டு புள்ளைகள் போகுதுகள். என்ட கொட்டிலடிக்கு நேரே வா. ரெண்டு சீலை தெரியும். ரெண்டும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வந்ததும் கடல்பக்கம் திருப்பு. அந்த நேரை விடாத."

"எஞ்சினுக்கு எண்ணெய் கொஞ்சம்தான் கிடக்கு."

"வா."

அன்னம் மெல்ல மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. அவள் பின்தடியில் நின்று பார்த்து, மதுசனைக்கொண்டு முன்தடியை ஒரு சாண் வடக்கே நகர்த்தினாள். கொஞ்சத்தில் இன்னொரு சாண். பிறகு ஒரு நுரை எழுந்தது. அது அடங்கியபோது அன்னம் இல்லை.

அவள் இமைக்கவில்லை. கண்ணீர் வழிந்தது, துடைக்கவுமில்லை. அன்னம் ஒதுங்கிய வேகத்தை நினைத்து, மனதுக்குள் அறுபதுவரை மெதுவாக எண்ணினாள். இன்னொரு அறுபது. இன்னொன்று.

"முன்தடியை இன்னும் நாலு விரல் வடக்கால நடு."

"தெரியுதா அக்கா?"

"நடு."

ஜெமீலின் படகு இரு தடிகளின் நேருக்கு வந்து கடல்பக்கம் திரும்பியது. அவன் குரல் எஞ்சின் இரைச்சலுக்குள் கேட்டது. "ராத்தா, உங்களுக்குத் தெரியுதா? எனக்கு ஒண்டும் தெரியல்ல. பத்து நிமிசம் ஓடலாம், அதுக்கு மேல ஏலா."

மதுசன் போனைக் கையால் பொத்தினான். "தெரியுது எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி அவர் திரும்பிடுவார்."

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "தெரியல்ல, ஜெமீல். கொஞ்சம் முந்தி விட்டுட்டன். கடைசி நாலு விரல் என்ட கணக்கு. கணக்குப் பிழைச்சிருந்தா பிழைதான். நேரையே போ."

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும் கூடியது. பிறகு தொடர்பு அறுந்தது.

பஸ்ஸில் வந்த சனம் தேநீர்க் கோப்பைகளோடு பின்னால் நின்றது. யாரோ காசு கொடுக்க வந்து, கொடுக்காமல் நின்றார். பத்து நிமிடம் போனது. பதினைந்தும் போனது. மதுசன் மணலில் குந்தி, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது.

"ரெண்டு பேரும் இரிக்காங்க" என்றான் ஜெமீல். "நான் பாதி தூரத்துல திரும்பிடப் பாத்தன் ராத்தா. நீங்க தெரியுது எண்டு சொல்லியிருந்தா திரும்பியிருப்பன். பொய் எண்டு நினைச்சிருப்பன்."

படகு கரை தட்டிய பிறகும் சிந்துஜன் அதன் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தான். கௌசிகா இறங்கி நாலு எட்டு வைத்து மணலில் இருந்துவிட்டாள். உதடு உப்பில் வெடித்திருந்தது.

"எங்களுக்குக் கரை முழுக்கத் தெரிஞ்சது அக்கா. உங்கட தகரம் மினுங்கினதும் தெரிஞ்சது. அப்ப நீங்களும் எங்களைப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறீங்கள் எண்டு நினைச்சம். சிந்து ரெண்டு தரம் குதிக்க வெளிக்கிட்டவன். கரையில நிக்கிறவை பாக்கினம், ஆள் அனுப்புவினம் எண்டு சொல்லி நான்தான் விடேல்ல." மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள். "நாங்கள் உங்களுக்குத் தெரிஞ்சனாங்கள்தானே?"

மதுசன் பரீதாவின் முகத்தைப் பார்த்தான்.

"ஓம் மகள்" என்றாள் பரீதா. "கடைசிவரைக்கும் தெரிஞ்சது."

மதுசன் எழுந்து, பின்தடியிலிருந்து தன் சட்டையை அவிழ்க்கப் போனான்.