ஹனீபா நானா கேட்ட இரண்டு முகமூடிகள்

கிண்ணியாவிலிருந்து சந்தைக்கு மீன் கொண்டுவரும் ஒருவர்தான் சேதியைச் சொன்னார்: ஹனீபா நானா விடியற்காலையில் மவுத்தாகிவிட்டாராம். பாதை என்ற மிதவைப் படகில் ஏறி அக்கரை போய்ச் சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. அவரை அறிந்த நீங்கள் அவருடைய கைத்திறனைப் பற்றிச் சொல்வீர்கள். நான் வேறொன்றைச் சொல்லக் கடமைப்பட்டவன்.

வெள்ளைக்காரர் கடற்படைத்தளத்தை விட்டுப்போய்ச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, துறைமுகத்துக்கு அருகில் மூன்று பேர் சேர்ந்து ஐஸ் கம்பனி ஒன்று தொடங்கினோம். முதல் போட்டவர் கடைவீதி வியாபாரி செல்லையா. இயந்திரம் ஹனீபா நானாவின் பொறுப்பு. தளத்தில் வேலை பழகியவர் அவர். மனேஜர் நான். சனிக்கிழமைகளில் ஹனீபா நானா வேலையாட்களைக் கூட்டி, அந்த வாரம் எது பழுதானது, எவ்வளவு ஐஸ் உருகி வீணானது என்று ஒளிக்காமல் சொல்வார். வெளியில் கதை பரவுமே என்று நான் ஒருமுறை தடுத்தேன்.

“கெட்ட சேதிய முதல்ல நம்ம ஆக்களுக்குச் சொல்லணும், தம்பி. அவங்கதான் அதுக்குள்ள நிக்கிறாங்க,” என்றார்.

இயந்திரம் பழையது. அமோனியா வாயு ஓடும் குழாயில் ஒரு வால்வு தேய்ந்திருந்தது. புது வால்வும் இரண்டு முகமூடிகளும் வேண்டுமென்று கேட்டார். நானோ அந்த மாதம் ஐஸ் ஏற்றிச்செல்ல ஒரு வான் வண்டி வாங்கி, அதன் இரு பக்கமும் கம்பனியின் பெயரை எழுதுவித்திருந்தேன். குச்சவெளி வரை எங்கள் பெயர் ஓட வேண்டுமென்ற ஆசை. இரண்டாம் தடவை கேட்டபோது, “முதலாளிக்குச் சொன்னீங்களா?” என்றார்.

“ஓம், சொன்னனான்,” என்றேன்.

சொல்லவில்லை. எல்லாம் நன்றாக நடக்கிறது என்றே செல்லையாவிடம் சொல்லிவந்தேன்.

ஒரு காலை வால்வு வெடித்தது. உள்ளே நின்ற நால்வரை வெளியே தள்ளிவிட்டு, நனைத்த துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு அவர் திரும்பிப் போய்க் குழாயை அடைத்தார். ஒரு கண் போனது. நெஞ்சு வெந்துபோனது. ஏன் முன்பே தன்னிடம் சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரியில் செல்லையா அவரிடம் கேட்டார். ஹனீபா நானா என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தார் போலும். நான் தலைகுனிந்து நின்றேன்.

“இவரிட்டச் சொன்னனான். ரெண்டு தரம்,” என்றார்.

கம்பனியை அந்த வருடமே மூடினோம். அதன் பிறகு அவரால் பத்தடி சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லை. மனைவி தையல் மெஷினை மிதித்துப் பிள்ளைகளை வளர்த்தார். நான் போகும்போதெல்லாம் ஹனீபா நானா உட்காரக் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து பேசுவார். தம்பி என்று மட்டும் பிறகு ஒருநாளும் அழைக்கவில்லை.

போன பெருநாளன்று துணிந்து மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் இருமினார்.

“மன்னிச்சிட்டன் எண்டு சொன்னா நீங்க மறந்திடுவீங்க.”

இப்போது நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நடத்துகிறேன். வேலையாள் ஒருவர் குறை சொல்ல வந்தால், அவர் முன்னாலேயே அதை நிர்வாகசபைக்கு எழுதி, வாசித்துக்காட்டி, அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஹனீபா நானாவிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பவை இந்தப் பழக்கமும், கிடைக்காமற்போன அந்த மன்னிப்பும்.