அணைக்காத உமிச் சாம்பல்

பூதலூரிலிருந்து கமலவேணி அம்மாளின் மகள் போன் செய்தாள். "அம்மா காலையில போயிட்டாங்க சார். ஞாயித்துக்கிழமை நன்னிலத்துல இரங்கல் கூட்டம் வெச்சிருக்கோம். ஆலை ஆபீஸ்ல அம்மாகிட்ட வேலை பாத்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். எழுதிக் கொடுங்க, நாங்க படிக்கிறோம்." சரி என்றேன். துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கமலவேணி அம்மாள் எங்கள் ஊர் அரிசி ஆலையில் மேனேஜராக இருந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். முதலாளி எனக்கு மாமா முறை. பட்டம் படித்த ஒரு பெண்ணை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்: "பொம்பளைன்னா எதிர்த்துப் பேசாதுடா." மாமா தன் ஆயுளில் போட்ட பெரிய தப்புக்கணக்கு அதுதான். வந்த வாரமே, களத்தில் காயும் நெல்லைத் துழாவும் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றார் அம்மாள். "ஏ புள்ள" என்று பழகிய எங்களுக்கு நாக்குத் திரும்பவே பத்து நாள் ஆயிற்று.

பிறகு கூலிப் போராட்டம் வந்தது. கீழத்தஞ்சையில் எந்த ஊரில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம். மாமா வீட்டுக் கதவு பகலிலும் தாழிட்டிருக்கும். களத்துப் பெண்களின் தெருவிலோ, போலீஸ் வேன் சத்தம் கேட்டாலே பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். "ஆலையை நாம ஓட்டிக் காட்டுவோம்" என்று மாமா எங்கள் வீட்டு ஆண்களைக் கூட்டிவந்தார்.

பாய்லரில் உமி தள்ளினோம், மூட்டை தூக்கினோம். ஒன்றை மட்டும் செய்யவில்லை. பாய்லரிலிருந்து வாரிக் கொட்டும் சாம்பலைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைப்பது பெண்கள் வேலை. இடுப்பில் குடத்தோடு போனால் ஊர் சிரிக்கும். சூப்பர்வைசர் நான், நான் தொட்டிருந்தால் மற்றவர்களும் தொட்டிருப்பார்கள். மேலே சாம்பல், உள்ளே கங்கு. ஆடிக்காற்றில் பொறி பறந்து, மதியத்துக்குள் சாக்குக் கொட்டகை எரிந்து முடிந்தது.

வாசலில் இருந்த நான்கு பெண்கள் தீ வைத்ததாக மாமா புகார் எழுதினார். கண்ணால் பார்த்ததாக மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாள் காகிதத்தைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

"சாம்பலை அணைச்சது யாரு மாணிக்கம்?"

"அணைச்சாச்சும்மா" என்றேன்.

அவர் ஜன்னல் வழியே சாம்பல் மேட்டைப் பார்த்தார். தண்ணீர் பட்ட சாம்பல் கறுத்துக் கட்டியாகிவிடும். அது வெளுத்துப் போய்க் காற்றில் பறந்துகொண்டிருந்தது.

"நான் பாக்கல. பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் மாமாவிடம்.

"பொம்பளைக்குப் பொம்பளை இரக்கமாக்கும்."

"ஒரு ஆம்பளை மேனேஜர் இதையே சொன்னா நேர்மைன்னு சொல்வீங்க. நான் சொன்னா இரக்கமா?"

மாமா காகிதத்தை என் பக்கம் தள்ளினார். சொந்தக்காரனைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதுதான் ஒழுக்கம் என்று வளர்க்கப்பட்டவன் நான். அதையும்விட, சாம்பல் விஷயம் வெளியே வந்தால் என் கதி என்ன என்ற பயம். பேனாவை எடுத்தேன். போட்டுவிட்டேன்.

போலீஸ் அந்த நால்வரையும் ஏற்றிப் போனபோது, அவர்களில் ஒருவரான கோவிந்தம்மாளின் இடுப்பில் கைக்குழந்தை. அம்மாள் அடுத்த பஸ்ஸிலேயே நன்னிலம் ஸ்டேஷனுக்குப் போய், சாம்பல் அணைக்காமல் கிடந்ததை எழுதிக் கொடுத்து, நான்கு பேரையும் அழைத்துக்கொண்டுதான் திரும்பினார். அதோடு அவர் வேலை போயிற்று. ஊர் இன்றுவரை அதை அவருடைய இரக்கம் என்றே சொல்கிறது. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது யார் என்று எவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "பயப்படறது தப்பில்ல மாணிக்கம். நம்ம பயத்துக்காக அடுத்தவங்கள ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தம்மாள் வருவார் என்கிறார்கள். அந்தக் கைக்குழந்தை இன்று வக்கீல், அவரும் வருவாராம். அம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, சாம்பலை அணைச்சது யாரு என்ற அந்த ஒரு கேள்விதான். இதை வேறு யாரும் படிக்க வேண்டாம், நானே வந்து படிக்கிறேன். சாம்பலை யாரும் அணைக்கவில்லை அம்மா. குடம் என் காலடியில்தான் இருந்தது.