நான் வாதாடி வென்ற படலை

கடலோரத்து ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வளவுக்கும் என் தோழி மதியின் வளவுக்கும் நடுவே பழைய கிளுவை வேலி நின்றது. அதில் ஓர் ஆள் நுழையக்கூடிய இடைவெளி, பொட்டு என்போம், இருந்தது. சிறுவயது முதல் மாலைதோறும் அதன் வழியாகவே மதியிடம் போவேன்.

சென்ற ஆண்டு கம்பிவலை வேலி போட அப்பா ஒரு கொந்தராத்துக்காரரை அமர்த்தினார். பொட்டையும் அடைக்கச் சொன்னார்.

"ஏன் அப்பா?"

"நாய் வருது, பிள்ளை."

விவாத மேடைகளில் பரிசுகள் வென்றவள் நான். வேலி எல்லையைச் சொல்ல வந்ததேயன்றி உறவை மறுக்க வந்ததன்று என்று தொடங்கி, நாய்க்கும் மறுமொழி சொல்லி முடித்தேன்.

கொந்தராத்துக்காரர் குழி தோண்டும் அலவாங்கை ஊன்றிச் சிரித்தார். "உங்கட மகளோட கதைச்சு வெல்ல ஏலாது, ஐயா. சின்னப் படலை ஒண்டு போட்டுவிடுவம்."

அப்பா நிலத்தைப் பார்த்தபடி தலையசைத்தார்.

படலைக் கதவு பொருத்திய மாலையே வெற்றிச் செய்தியோடு அதைத் தள்ளினேன். திறக்கவில்லை. மறுபக்கம் ஆமைப்பூட்டுத் தொங்கியது. அருகில் மதி நின்றாள்.

"நான்தான் உன்ர அப்பாவிட்ட பொட்டை அடைக்கச் சொன்னனான். உனக்குச் சொல்ல வேண்டாமெண்டும் கேட்டனான்."

"என்னட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீ வெண்டிருப்பாய். உன்னோட கதைக்க ஏலாதடி. கேட்டுக்கொண்டிருக்கத்தான் ஏலும்."

அதற்கும் என்னிடம் மறுமொழிகள் அணிவகுத்து நின்றன. அவள் சொன்னதற்கு அவையே சான்றாயின.

கடற்காற்றில் கம்பி கறல் பிடித்தது. சென்ற வாரம் வண்ணம் பூச வந்த கொந்தராத்துக்காரர், "படலைக்கும் பூசட்டோ, தங்கச்சி?" என்றார்.

"ஓம், பூசுங்கோ."

அது ஒருநாளும் திறந்ததில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.