நான் எடை குறைத்த நட்சத்திரம்

ஒரு நட்சத்திரத்தின் எடையை நான் குறைத்தேன். அது என் ஆராய்ச்சி மாணவி கணக்கிட்ட நட்சத்திரம். பயந்துபோய்ச் செய்தேன், வேறு காரணம் கிடையாது.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தேன். தாராளமயம் வந்து, படித்தவர்கள் எல்லாம் பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துக்கொண்டிருந்த காலம். துறைக்கு ஒரே கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். மாணவிக்குத் தரங்கம்பாடிப் பக்கம் ஊர். அவள் அத்தா துபாயில் கடை வைத்திருந்தார். முனைவர் பட்டம் வாங்கி, வெளிநாட்டில் ஆராய்ச்சியைத் தொடர வேண்டும் என்பது அவள் ஆசை.

நியூட்ரான் நட்சத்திரத்தில் ஒரு ஸ்பூன் அள்ளினால் டெல்டாவின் மொத்த நெல்லையும்விடக் கனக்கும். அந்த நெருக்கத்தில் அடர்த்திக்கு ஏற்ப அழுத்தம் எப்படி ஏறும் என்று சொல்வது நிலைச் சமன்பாடு. அவள் அதோடு நிற்காமல், ஈர்ப்பு விதியின் சமன்பாட்டிலேயே புதிதாக ஓர் உறுப்பைக் கூட்டினாள். பழைய விதி அனுமதித்ததைவிட நட்சத்திரம் கனமாக வந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வரவிருந்த வெளித் தேர்வாளர் பழைய விதியின் பக்தர். பட்டத்தை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து அவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, அந்தக் கூடுதல் உறுப்பைப் பூஜ்யமாக்கிடேன்."

"அப்புறம் தலைப்புல மாற்று ஈர்ப்புன்னு எதுக்கு சார்? பிரியாணின்னு போர்டு மாட்டிட்டு வெறுஞ்சோறு போடுற மாதிரி இருக்கு."

"வெறுஞ்சோறு வயித்தை ஒண்ணும் பண்ணாதும்மா."

பூஜ்யமாக்கினாள். பட்டம் கிடைத்தது. தேர்வாளர் அன்றைய மதியச் சாப்பாட்டைத்தான் அதிகம் பாராட்டினார். ஆய்வில் புதிதாக ஒன்றுமில்லை என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கைவிரித்தன. சில வருடங்களில் வேறு யாரோ அதே கனமான நட்சத்திரத்தை வெளியிட்டார்கள். அதற்குள் அவள் கல்யாணமாகி, ஷார்ஜாவில் பள்ளிக்கூட டீச்சராகியிருந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட தனியா சொல்லி என்ன சார்? டிபார்ட்மெண்ட்ல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. லீவுக்கு வரும்போது நானும் வர்றேன்."

அவள் லீவுக்கு வந்தபோது, எல்லார் முன்னாலும் சொன்னேன். இளம் விரிவுரையாளர்கள் என் முகத்தைப் பார்க்கக் கூசி மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு கரும்பலகையில் அவளுடைய சமன்பாட்டை எழுதி, எடை எப்படிக் கூடுகிறது என்று காட்டப் போனேன். குறைந்தது.

"சார், அந்த உறுப்புக்கு முன்னாடி பிளஸ்ஸுக்குப் பதிலா மைனஸ் போட்டுட்டீங்க." அவள்தான். "மறுபடியும் எடையைக் குறைச்சிட்டீங்க."

அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, மீதியை அவளே நடத்தினாள். கேள்விகள் எல்லாம் அவளிடமே போயின. வருகிற மாணவர்களுக்கு லீவு தோறும் வகுப்பெடுக்க முடியுமா என்று துறைத் தலைவர் கேட்டார். ஒப்புக்கொண்டாள்.

வெளியே வரும்போது, "போன வருஷங்க போனதுதான் சார், அதை நான் மன்னிக்கல," என்றாள். "ஆனா வகுப்புக்கு வாங்க. கடைசி பெஞ்ச்."

போய்க்கொண்டிருக்கிறேன்.