மைனி இறக்கிய அரண்மனை

மேடையை முன்னால் நின்று பார்க்கும் பழக்கம் மைனிக்கு இல்லை. கல்யாண வீட்டுக்கு வந்ததும் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு நேரே பின்பக்கம் போவார். முன்னால் பொன் பூசிய தூண்கள், மயில்கள், கொடிகள், சிவப்பு வெல்வெட் என்று கண்ணைப் பறிக்கும். பின்னால் துருப்பிடித்த இரும்புக் குழாய்கள், கட்டுக்கம்பி, மணல் மூட்டைகள், யாரோ குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸ். அங்கே நின்று ஒவ்வொரு குழாயாக உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். நோயாளியின் நெற்றியில் கை வைப்பது போலிருக்கும். “முன்பக்கத்த ஊரு பாத்துக்கிடும் மக்கா” என்பார் என்னிடம்.

மைனி என் அண்ணனின் மனைவி. அண்ணன் குவைத்தில் இருந்த காலத்தில், தக்கலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கல்யாண மேடை அலங்காரத்தைத் தொழிலாகத் தொடங்கினார். நான் வளைகுடாவில் ஏழு வருடம் வெல்டராக இருந்துவிட்டுத் திரும்பியபோது, இரும்புச் சட்டங்கள் செய்ய ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். வரைவதும் வண்ணமும் அவர் பொறுப்பு. நிறுத்துவது என் பொறுப்பு.

அவருக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் அவர்கள் ஊர்ச் சபையில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டார்களாம். ஏரோது ராஜாவின் அரண்மனை திரையில் இருந்தது. நாடகம் முடிந்ததும் மேடையேறித் தொட்டுப் பார்த்திருக்கிறார். சாக்குத்துணி, பசை, வர்ணக் காகிதம். “சாக்குன்னு தெரிஞ்ச பொறவும் அது அரண்மனையாத்தான் இருந்து. அதுதான் எனக்கு இன்னும் பிடிபடல்ல” என்றார். எனக்கும் பிடிபட்டதில்லை. எத்தனையோ கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். தெர்மோகோல் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வருகிறவர்கள் ஒரு கணம் நின்று அண்ணாந்து பார்க்காமல் உள்ளே போவதில்லை. கடன்பட்ட வீட்டிலும், ஓட்டு வீட்டிலும், பெண் உட்காரும் இடம் மட்டும் ராஜசபையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதை அற்பம் என்று சொல்ல எனக்கு மனம் வந்ததே இல்லை. மைனியின் மேடையில் உட்கார்ந்த பெண்களின் முகங்களைப் பார்த்தவன் நான்.

அருமனைப் பக்கத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பன்னிரண்டு வருடம் இருக்கும். பெண்ணின் அப்பா வளைகுடாவிலிருந்து அதற்கென்றே வந்திருந்தார். கைபேசியில் ஏதோ வெளிநாட்டு அரண்மனையின் படத்தைக் காட்டி, அதேபோல இருபத்தாறு அடி உயரத்துக்கு வேண்டும் என்றார். நாங்கள் அதுவரை பதினாறு அடியைத் தாண்டியதில்லை. மைனி யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அன்று சாயங்காலமே கொட்டகையில் வரைய உட்கார்ந்துவிட்டார். மூன்றடுக்கு வளைவுகள், நடுவில் ஒரு பொய் மாடம், மாடத்துக்கு மேல் வானம் வரைந்த விதானம், இருபக்கமும் சிங்கங்கள். வளைவுகளில் ஓடிய கொடியில் ஒரு இலை போல இன்னொரு இலை இருக்கவில்லை. அத்தனையையும் தன் கையாலேயே வெட்டினார். அவர் செய்ததில் அதுதான் பெரியது, அதுதான் அழகானதும்.

இடம் பெண் வீட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம். முன்பாதியில் மரங்களை வெட்டிச் செம்மண் நிரப்பி மைதானமாக்கியிருந்தார்கள். பின்பாதியில் மரங்கள் அப்படியே நின்றன. ஐப்பசி மழை பெய்து மண் இன்னும் இறுகவில்லை. மேடைக்கு எட்டுக் கால்கள். ஒவ்வொன்றும் மூன்றரை அடி ஆழம் போக வேண்டும் என்று மைனி கணக்குச் சொல்லியிருந்தார். ஆறு கால்கள் போயின. மரங்களை ஒட்டிய வடக்கு ஓரத்தில் கடைசி இரண்டு குழிகளில் கடப்பாரை முட்டியது. வெட்டிய ரப்பர் மரத்தின் வேர்க்கட்டை. ஒன்றரை அடிக்குமேல் இறங்கவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. வேலையாட்கள் கிளம்ப அவசரப்பட்டார்கள். நான் அந்த இரண்டு குழாய்களின் அடியையும் உயரத்துக்குத் தக்க அறுத்து, குழியில் நிறுத்தி, செம்மண் போட்டு மிதித்துவிட்டேன். பார்த்தால் எட்டும் ஒன்றுபோலவே இருந்தன.

மறுநாள் மைனி வந்து கேட்டார். “எட்டும் மூணரை அடி போச்சா?”

“போச்சு மைனி” என்றேன்.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே ஒரு இலை அசையவில்லை. வியர்த்துக் கொட்டியது. மதியம் எல்லோரும் சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் மேற்கே வானம் கறுக்கத் தொடங்கியது. கிளம்பும் முன் மேடையைப் பார்க்காதவர்கள் இல்லை. வயதான ஒருத்தி தூணைத் தட்டிப் பார்த்து, “கொள்ளாம், கல்லுபோலயே இருக்கு” என்று மெச்சினாள். சின்னப் பிள்ளைகள் சிங்கங்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. பெண்ணின் சித்தப்பா மகள்கள் மாடத்துக்கு நேர் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் வடக்கு ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களை அங்கிருந்து போகச் சொல்ல நாக்கு வரை வந்தது. என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு முதல் காற்று வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ரப்பர் இலைகள் புரண்டன, பந்தல் துணி ஒருமுறை உப்பி அடங்கியது. ஆனால் மேல் வளைவிலிருந்து ஒரு முனகல் கேட்டது. மைனி பின்பக்கம் போனார். நானும் போனேன். நடுக்குழாயில் உள்ளங்கையை வைத்தவர் அப்படியே நின்றார். அடுத்த காற்று வரும்வரை காத்திருந்தார். வந்தது. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை, கையை மட்டும் எடுக்கவில்லை.

“உள்ளதச் சொல்லு மக்கா. இது நிக்குமா?”

அந்தக் கேள்விக்கு முன்னால் எனக்கு நிறைய நேரம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. வேர்க்கட்டை, இரண்டு கால், வடக்கு ஓரம். ஐந்தே சொற்களில் சொல்லியிருக்கலாம். வேலையாட்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். “நிக்கும் மைனி” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வேலையாட்கள் பக்கம் திரும்பி, “எல்லாத்தையும் எறக்குங்க” என்றார்.

யாரும் நகரவில்லை. அவரே ஏணியில் ஏறி மாடத்தின் முதல் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார். சத்தம் கேட்டுப் பெண்ணின் தாய்மாமன் ஓடி வந்தார்.

“என்ன செய்யிய நீங்க? பொண்ணும் மாப்பிளையும் அஞ்சு மணிக்கு வந்திருவினும்.”

“பந்தலு இருக்கட்டும் அண்ணாச்சி. சாப்பாடு எல்லாம் நடக்கட்டும். இது வேண்டாம்.”

“யாரு சொன்னா விழும்னு?”

“யாரும் சொல்லல்ல. எனக்கு பேடியா, பயமா இருக்கு.”

“பேடியிருக்க ஆளு இந்தப் பணிக்கு எதுக்கு வந்திய?”

மைனி அடுத்த போல்ட்டைக் கழற்றினார். சர்ச்சிலிருந்து பெண்ணின் அப்பா கைபேசியில் கத்தியது எனக்கும் கேட்டது. மைனி அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இன்னொரு கையால் கயிற்றை இறக்கினார். விதானம் இறங்கியது. வளைவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவசரத்தில் ஒரு மயிலின் கழுத்து முறிந்தது. கொடியின் இலைகள் செம்மண்ணில் சிதறிக் கிடந்தன, அவற்றின்மேல் நடந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் வெறும் பலகைத் தளம் மட்டும் மிஞ்சியது. மைனி அதன்மேல் வெல்வெட்டை விரித்து, இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வைத்தார்.

ஐந்து மணிக்குச் சற்று முன்பு காற்று வந்தது. பத்து நிமிடம். பிளாஸ்டிக் நாற்காலிகள் தோட்டத்துக்குள் உருண்டோடின, சமையல் பக்கத்துத் தார்ப்பாய் கிழிந்தது, ஒரு ரப்பர்க் கிளை முறிந்தது. பந்தல் நின்றது. பிறகு தூறலோடு எல்லாம் அடங்கிவிட்டது. மேடை இருந்திருந்தால் விழுந்திருக்குமா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பெண் வந்து இறங்கி அந்த வெறுமையை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். அவள் அப்பா மைனியிடம் வந்து மெதுவான குரலில் சொன்னார், “எனக்க பந்தலு நின்னுது பாத்தியளா.” கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பின் மைனியின் பேர் போயிற்று. கல்யாணத்தன்று மேடையைப் பிரித்த பொம்பளை என்றார்கள், ராசியில்லாதவள் என்றார்கள். இரண்டு வருடம் ஞானஸ்நான வீடுகளுக்குச் சின்னச் சின்ன அலங்காரங்கள் செய்தார். பிறகு அதையும் விட்டார். கொட்டகையும் தொழிலும் என் கைக்கு வந்தன. இப்போது ஏழு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். அலுமினியச் சட்டம், எல்.இ.டி. சுவர், முப்பது அடி வரை போகிறோம். கேட்கிறவர்கள் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொருவரும் முந்தைய கல்யாணத்தைவிட உயரமாகக் கேட்கிறார்கள். நானும் கொடுக்கிறேன். ஐப்பசி வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. மேடைக்குக் கீழே யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

போன மாதம் ஒருநாள் மதியம் மைனி வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் திரும்பி வந்து நாலு வருடமாகிறது, அப்போது உள்ளே படுத்திருந்தான். மைனி அடுக்களையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். வேறு ஏதோ பேசப் போனவன், எப்படியோ அதைச் சொல்லிவிட்டேன். வேர்க்கட்டை முட்டியது, குழாயை அறுத்தது, மண்ணைப் போட்டு மூடியது, எல்லாம். அவர் கை நிற்கவில்லை.

“நீ கள்ளம் சொல்லியன்னு அன்னைக்கே தெரியும்” என்றார். “ஒனக்க மொகத்துலயே இருந்து. எட்டுல எதுன்னுதான் தெரியல்ல.”

“வடக்கு ஓரத்துல, கடைசி ரெண்டு.”

மைனி மீனை வைத்துவிட்டார். கண்ணை மூடி, அந்த இடத்தை நினைவில் சுற்றி வருவது போல இருந்தார். எனக்கு அண்ணனின் குறட்டை கேட்டது.

“வடக்கால பின்ன ரப்பர் மரம் நின்னுதே” என்றார். “அதுல ரெண்டு கயிறு இழுத்துக் கட்டுனா போருமே மக்கா. கால் மணிக்கூர் வேல. அது நின்னிருக்குமே.”